ஆடியில் கிளம்புகிற பெட்டி

கோந்துக்குட்டி,

விசா கிடைத்துவிட்டதடி! நேற்று காலை பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாகப் பாஸ்போர்ட்டை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்று பிரித்துப் பார்த்தேன். முத்திரை இருந்தது. மூடினேன். மறுபடியும் சந்தேகம் வந்து பிரித்தேன். அப்போதும் இருந்தது. ஆட்டோக்காரனிடம் சரோஜினி நகர் போகணும் என்று சொல்வதற்குப் பதிலாக ஈரான் போகணும் என்று சொல்லிவிட்டேன். அவன் மீட்டரைத் தட்டிக்கொண்டே, அவ்வளவு தூரத்துக்குப் பெட்ரோல் இல்லையே மாதாஜி என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்பா போன பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது நேற்றுதான். சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டைக்கூடத் திறக்கவில்லை. நேராகப் பக்கத்து வீட்டு பாபிஜியிடம் ஓடினேன். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவுக் கையோடு அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். "மில் கயா? சச்சி?" என்றாள். "மில் கயா, மில் கயா" என்று, கிடைத்துவிட்டது என்பதையே நான் பத்து தடவை சொல்லியிருப்பேன். என் ரவிக்கை முழுக்க மாவு. உனக்குத்தான் தெரியுமே, நாம் இந்த குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து என் இந்தியைக் கேட்டுச் சிரிக்கிறவள் அவள். நேற்று அழுதாள். வருகிற வியாழக்கிழமை எனக்கு விமானம். உன்னோடு வேலை செய்கிற கேரளத்து சிஸ்டர் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமையே திரும்புகிறாள், அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நான் வந்து நிற்பதற்கு நாலு நாள் முன்னால் இது உன் கைக்கு வந்துவிடும். நேரிலேயே பேசிக்கொள்ளலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

இவ்வளவு நீளமாக நான் உனக்கு எழுதியதே இல்லை. ஐந்தாவது வரை படித்தவளுக்கு நாலு வரிக்கு மேல் எழுதினால் கை வலிக்கிறது. அப்பா இருந்தவரை அவர் இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுதுவார், கடைசியில் கொஞ்சம் இடம் விடுவார், அதில் நான் தமிழில், சௌக்கியமா, வேளைக்குச் சாப்பிடு என்று எழுதுவேன். நீயும் டெல்லியில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெல்லப் படி. மாப்பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லாதே. அவர் நல்லவர்தான், ஆனால் இது நீ தனியாகப் படிக்க வேண்டியது. கோந்து என்று உன்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று! அப்பா மினிஸ்ட்ரியில் டெஸ்பாட்ச் கிளார்க். சனிக்கிழமையில் உன்னை ஆபீஸுக்குக் கூட்டிப்போவார். அவர் கவர்களை ஒட்டிக்கொண்டிருக்க, நீ பாட்டிலில் விரலை விட்டு, அந்த விரலை அவர் சட்டையில் வைத்து, அவரோடேயே ஒட்டிக்கொண்டு வருவாய். நான் அந்தச் சட்டையை ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்து, "இது பொண்ணா, கோந்தா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து நீ கோந்து.

பெட்டி கட்டியாகிவிட்டது. சாம்பார்ப்பொடி, வசம்பு, சுக்கு, குழந்தைக்கு அரணாக்கயிறு, கரோல் பாகில் வாங்கின பித்தளை இடியாப்ப அச்சு. நீ போன கடிதத்தில் வைத்திருந்த போட்டோவில் சின்னவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் இல்லையா, அதைத் தினமும் பார்த்துப் பார்த்து ஓரம் மடங்கிவிட்டது. அவன் நடப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்று பாபிஜியிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். நான் இறங்குகிற வரைக்கும் அவனைக் கொஞ்சம் உட்கார வைத்திரு! போன வருஷம் உன் வளைகாப்புக்கு என்று வாங்கின கண்ணாடி வளையல் மூன்று டஜன் அப்படியே இருக்கிறது. அதையும் பழைய துணியில் சுற்றி நடுவில் வைத்திருக்கிறேன். வளைகாப்பு இல்லாவிட்டால் என்ன, போட்டுக்கொள். உடைந்தால் உடையட்டும்.

உனக்கு வளைகாப்பு நடக்கவில்லை. பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இல்லை. நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே, ஊரடங்கு போட்ட ஊரில், உன்னோடு டியூட்டி பார்க்கிற பெண்கள் உன் கையைப் பிடித்துக்கொள்ள நீ பெற்றெடுத்தாய். அப்பா தை மாசம் போனபோது உங்கள் ஊர் ராஜா ஓடிப்போய், விமானமெல்லாம் நின்று, என் தந்தி உனக்கு வந்து சேரவே ஒன்பது நாள் ஆனது. நீ வரமுடியவில்லை. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே வரியைத்தான் எழுதுகிறாய். "வராதீங்கன்னு நான் தந்தி அடிக்காம இருந்திருந்தா அப்பா என் புள்ளையைப் பார்த்திருப்பார்." கோணல்மாணலான தமிழ் எழுத்தில், எனக்குப் புரியவேண்டும் என்று நீ கஷ்டப்பட்டு எழுதுகிற அந்த ஒரு வரிக்கு வரும்போதெல்லாம் மேலே படிக்காமல் கடிதத்தை மடித்துவிடுகிறேன். ஏனென்றால் அது உண்மை இல்லை. உண்மை எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. அவர் சொல்லாமல் போய்விட்டார்.

நீ நினைத்துக்கொண்டிருப்பது என்ன? நாங்கள் விசாவுக்கு எழுதிப்போட்டோம், அது வருவதற்குள் உங்கள் ஊரில் கலவரம் வந்துவிட்டது, அதனால் தாமதமாகிவிட்டது. அப்படித்தானே? அப்பாவும் அப்படித்தான் உனக்கு எழுதினார். அது பொய். பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன் எனக்காக இங்கிலீஷில் ஒரு பொய் எழுதி, அதைத் தமிழில் எனக்குப் படித்தும் காட்டினார். "விசா இன்னும் வரலைன்னு எழுதிட்டேன், போதுமா?" என்றார். நான் தலையாட்டினேன். விசா அப்போது எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் இருந்தது.

போன வருஷம் ஆனி மாசம், முடிய ஒரு வாரம் இருக்கும்போதே வந்துவிட்டது. அப்பா ஆபீஸிலிருந்து சைக்கிளை வேகமாக மிதித்து வந்து, மணியை விடாமல் அடித்து, தெருவில் எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள். புருஷன் பாஸ்போர்ட்டிலேயே பெண்டாட்டியின் போட்டோவையும் ஒட்டிக் கொடுக்கிறார்கள் இல்லையா, அப்படி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே புத்தகம்தான் வாங்கியிருந்தார். எனக்குத் தனியாக ஒன்று எடுத்துவிடுங்கள் என்று அவர் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். "எதுக்கு ரெண்டு? நாம என்ன தனித்தனியாவா போகப்போறோம்?" என்று வந்து சொன்னார். லீவும் எழுதிக்கொடுத்துவிட்டார். வருகிற வாரம் கிளம்பலாம், மகள் ஏழாம் மாசத்தில் இருக்கிறாள், கூடமாட நாம் இருந்தால் அவளுக்குத் தெம்பு என்றார். நான் காலண்டரைப் பார்த்தேன். "அடுத்த வாரம் ஆடி பொறந்துடும்ங்க. ஆடியில யாராவது கடல் தாண்டிப் போவாங்களா? ஆவணியில போலாம், ஒம்பதாம் மாசம் வளைகாப்புக்குச் சரியா இருக்கும்" என்றேன்.

அப்பா எதற்கும் வழி கண்டுபிடிப்பார், உனக்குத் தெரியாதா. நீ நர்ஸிங் படிக்கச் சேருகிற அன்றைக்கு அஷ்டமி என்று நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவர் முதல் நாளே, நல்ல நேரத்தில், உன் டிரங்குப் பெட்டியை பாபிஜி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். பரஸ்தானம்! பெட்டி நல்ல நாளில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷம் இல்லை. நீ கையை வீசிக்கொண்டு ஒன்றும் இல்லாமல் போனாய், பாபிஜி வீட்டு வாசலில் பெட்டியை எடுத்துக்கொண்டாய். "நேத்தே போயிட்ட பொண்ணை இன்னிக்கு எப்படி மறிப்பே?" என்று என்னைக் கேட்டார். நான் உர்ரென்று இருந்தேன், அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்த அஷ்டமியில் கிளம்பிப்போனவள்தான் நீ நர்ஸ் ஆகி, சம்பாதித்து, நல்ல இடத்தில் கல்யாணமும் ஆகி இருக்கிறாய்.

எனக்கும் அதையே செய்தார். ஆனி மாசத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணிக்கு, நல்ல நேரம் பார்த்து, கட்டின பெட்டியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு பாபிஜி வீட்டுக்குப் போனார். "மகாராணி ஆனியிலயே புறப்பட்டாச்சு. இனிமே ஆடி வந்து என்ன பண்ணும்?" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, என் கஷ்டம் ஆடி இல்லை என்று.

பயம், கோந்து. எனக்கு விமானத்தில் ஏறப் பயம். அடியில் தரை இல்லாமல் மூன்று நான்கு மணி நேரம் எப்படி உட்கார்ந்திருப்பது என்று. பாஷை தெரியாத ஊரில் இறங்கி, யாராவது எதையாவது கேட்டால் என்ன செய்வேன் என்று வேறு. பெற்ற பெண் பிரசவத்துக்குக் கூப்பிடும்போது எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? ஆடி என்று சொல்வது சுலபமாக இருந்தது. ஆடி என்றால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள், ஒரு மாசம் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் போதும் என்று இருந்தது. திங்கட்கிழமை அப்பா ஆபீஸ் போனதும் பாபிஜி வீட்டுக்குப் போனேன். ஒரு புடவை மாற்றி வைக்கவேண்டும் என்று பொய் சொல்லி, பெட்டியைத் திரும்ப நம் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பரஸ்தானம் வைத்த பெட்டி திரும்பி வந்தால் பயணம் கலைந்துபோகும். அது தெரிந்துதான் செய்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். நடுவீட்டில் பெட்டி இருந்தது. பார்த்தார். நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. பெட்டியைக் காலால் மெல்லத் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் விட்டார். "சரி, ஆவணியிலயே போலாம். டீ போடு" என்றார்.

ஆடி முழுக்கத் தினமும் காலண்டரில் தாளைக் கிழிப்பார். என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார். "இன்னும் பதினெட்டு நாள். மகாராணி ரெடியா?" என்பார். யாரைப் பார்த்தாலும் விமானத்தைப் பற்றி விசாரிப்பார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவேண்டுமாம் என்று பஞ்சுப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தார். "ஜன்னல் பக்கம் சீட்டு வேணாம்னு சொல்லிடலாம், உனக்குத் தலை சுத்தும்" என்றார். கடைசித் தாளைக் கிழித்த அன்றைக்கு ரேடியோவில் உன் ஊரின் பெயரைச் சொன்னார்கள். இஸ்பஹானில் கலவரம், ராணுவம் இறங்கியிருக்கிறது என்று. கையில் கிழித்த தாளோடு அப்படியே நின்றார். மூன்றாம் நாள் உன் தந்தி. விசா கிடைத்தாலும் கிளம்பாதீர்கள், பொறுங்கள் என்று. நீ வேறு என்ன செய்திருப்பாய்? வயிற்றில் பிள்ளையோடு, தெருவில் டாங்கி நிற்கிற ஊருக்கு, வயசான அப்பா அம்மாவை யாராவது வரச்சொல்வார்களா? நீ செய்தது சரி. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். உன் தந்தி வந்தபோது நாங்கள் உன் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அந்தத் தந்தியை அடிக்கவே தேவை இருந்திருக்காது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். விசாவுக்குக் கொடுத்த மூன்று மாசம் தீர்ந்துபோனது. திரும்ப வாங்குவதற்கு ஐப்பசியில் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்தோம். அங்கே இருந்தவர்களுக்கே அவர்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, பாவம், போன் பேசிக்கொண்டு அழுகிறவர்களை நானே பார்த்தேன். நாளை வா, அடுத்த வாரம் வா என்றார்கள். அப்பா ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வாரா வாரம் போனார். மார்கழிப் பனியில், முன்னால் நிற்கிற ஆள் தெரியாத மூட்டத்தில், கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றார். மஃப்ளரைச் சுற்றிவிட்டு அனுப்புவேன். திரும்பி வரும்போது மீசையெல்லாம் ஈரமாக இருக்கும். இருமல் வந்தது. சளி என்றார். நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நாலே நாள். அந்த நாலு நாளிலும், அதற்கு முன்னால் வரிசையில் நின்ற அத்தனை நாளிலும், அன்றைக்கே போயிருக்கலாம் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் சொல்லியிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருக்கும். சொல்லவில்லை.

அவர் போன பிறகு நான் தனியாக ஒன்றுமே இல்லை என்று பாஸ்போர்ட் ஆபீஸில் சொன்னார்கள். அவர் பாஸ்போர்ட்டில் ஒட்டின போட்டோதானே நான், அந்தப் புத்தகம் அவரோடு முடிந்தது. எனக்குப் புதிதாக எடுக்கவேண்டும் என்றால் பழையதைக் கொண்டுவந்து ரத்து செய்யவேண்டும். பழையது தூதரகத்துக்கு உள்ளே. சித்திரையில் போனேன். ஜன்னலில் இருந்தவர்கள் எல்லோரும் புது ஆட்கள். தாடி வைத்த பெரியவர் ஒருவர், என் இந்தியும் அவர் இந்தியும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை, ஒரு சாக்கைக் கொட்டி அரைமணி நேரம் தேடி எடுத்துக் கொடுத்தார். பாஸ்போர்ட் ஆபீஸில் அதன் மூலையைக் கத்தரித்தார்கள். போட்டோவில் கத்தரி படக்கூடாது என்று நான் போட்ட சத்தத்தில் பெரிய ஆபீஸரே எழுந்து வந்துவிட்டார். புதுப் பாஸ்போர்ட்டுக்குப் பொட்டில்லாமல் போட்டோ எடுத்தேன். கையெழுத்துப் போட ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகினேன். நேற்று ஜன்னலில் அந்தப் பெரியவர் முத்திரை குத்துவதற்கு முன்னால், "அகேலி?" என்று கேட்டார். தனியாகவா போகிறாய் என்று. ஹாங்ஜி என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் தெரியுமா? அந்தப் பழைய பாஸ்போர்ட்டை உனக்காக எடுத்து வருகிறேன். அதில் அப்பா போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது. நீ கையில் வாங்கினால் சும்மா இருக்கமாட்டாய், ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவாய். ஒரு பக்கத்தில் முதல் விசா இருக்கும். தேதி அந்த ஊர் எழுத்தில் இருக்கிறது. டெல்லியில் என் பக்கத்தில் யாராலும் அதைப் படிக்க முடியாது. உன்னால் முடியும். நீயாகப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடவேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். கிழிக்கவில்லை. படித்துவிட்டு என் மேல் கோபப்படு. நாலு நாள் நன்றாகக் கோபப்படு. ஆனால் அந்தத் தந்தி வரியை இனிமேல் எனக்கு எழுதாதே. உனக்குள்ளேயும் எழுதிக்கொள்ளாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல். அதற்கு மாசத்தின் பெயரையும் கிழமையின் பெயரையும் வைத்து மூடாதே. அவர் ஒன்றும் கேட்காமல் இருந்தால், சரி தப்பித்தோம் என்று இருந்துவிடாதே. நீயே போய்க் கேள்.

இன்றைக்கு ஆடி நாலு. வியாழக்கிழமை ஆடி பத்து. ராகுகாலத்துக்கு எத்தனை மணி என்று நான் பார்க்கவில்லை, பாபிஜி கேட்டாள், பார்க்கமாட்டேன் என்றேன். ஜன்னல் பக்கம் சீட்டு கேட்டு வாங்கியிருக்கிறேன்! பயம் போகவில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது, அதையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அப்பா வாங்கின பஞ்சுப் பொட்டலம் பீரோவில் இருந்தது. எடுத்துக் கைப்பையில் வைக்கப்போனபோது பார்த்தேன். அது பிரித்திருந்தது. உள்ளே இரண்டு சின்ன உருண்டை, காதில் வைத்துப் பார்த்த மாதிரி, அழுத்தி உருட்டி வைத்திருந்தது. நான் அந்தப் பொட்டலத்தைத் தொட்டதே இல்லை. நம் வீட்டில் வேறு யாரும் இல்லை.

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. அன்றைக்கு சாயங்காலம் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அவர் ஒரு பெருமூச்சு விட்டார். இத்தனை நாளும் அது என் மேல் வந்த சலிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தாரா, இல்லை, அவருக்கும் பயமாகத்தான் இருந்ததா, கோந்து?